கட்டைவிரலும் கண்ணும்

ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒரு நடு ராத்திரி, வலது கால் கட்டைவிரல் மூட்டில் வலி ஆரம்பித்தது. போர்வை பட்டாலே உயிர் போயிற்று. அடுத்த வீட்டு பிரெஞ்சு பென்ஷன்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, "லா கூத்" என்றார். நாம் கவுட் என்கிறோமே, அதுதான். பிரெஞ்சில் 'கூத்' என்றால் துளி. கெட்ட நீர் துளித்துளியாக மூட்டில் இறங்குகிறது என்று பழைய வைத்தியர்கள் நம்பியதால் வந்த பெயர். "கூத்தா? சரியான பேர்தான்" என்றாள் என் மனைவி.

யூரிக் ஆசிட் கூடுதல் என்று மாத்திரை கொடுத்தார்கள். நெத்தலியும் ஈரலும் வீட்டில் நின்றன. மாத்திரையை நான் வலி வந்தால் போடுவேன், போனால் நிறுத்திவிடுவேன்.

போன தீபாவளிக்கு முன்பு பாஸ்புக் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணில் தூசி. அதைக் கசக்கிக்கொண்டே வலது கண்ணால் பார்த்தால், கோடுகள் நடுவில் வளைந்திருந்தன. 34 வருஷம் ரெஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவன், அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டேன்! இரண்டு கண்ணாலும் பார்த்தால் நேராகத் தெரிந்ததால் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

கண் டாக்டர் நீட்டிய கட்டம் போட்ட அட்டை, பள்ளியில் கணக்குக்கு வைத்திருந்த 'பெத்தி கரோ' நோட்டு மாதிரியே இருந்தது. ஆம்ஸ்லர் என்ற ஸ்விட்சர்லாந்து கண் மருத்துவரின் பெயரில் வழங்குவதாம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வயதினால் சிதைந்து, அடியில் ரத்தக்குழாய் கசிகிறது என்றார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். "உடனே வந்திருக்கலாமே" என்றார்.

வேறு வியாதி உண்டா என்று கேட்டபோது பிரஷரை மட்டும் சொன்னேன். கண் டாக்டரிடம் காலைப் பற்றி எதற்கு? கால்விரல் முடிச்சை அவரே பார்த்துவிட்டார். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்ததாம். வயதையும் மற்ற வியாதிகளையும் கணக்கில் எடுத்த பிறகும், கவுட் உள்ளவர்களுக்கு இந்தக் கண்நோய் சுமார் 40 சதவிகிதம் அதிகம். ஆனால் அதனால்தான் இது வந்தது என்று நிரூபணமில்லை. கவுட் மாத்திரை கண்ணைக் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது என்றார். "காலுக்காகவாவது ஒழுங்காகப் போடுங்கள்."

மூன்று ஊசி ஆயிற்று. வளைவு குறைந்திருக்கிறது, பேப்பர் படிக்கும்போது சொல்லின் நடு எழுத்து மட்டும் இன்னும் மங்கல். அட்டை இப்போது ஃப்ரிட்ஜ் கதவில். தினமும் காலையில் கண்ணாடி போட்டு, ஓரடி தள்ளி நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி நடுப்புள்ளியைப் பார்க்கிறேன்.

"கூத்து முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையும் காபியும் வருகின்றன.