ராஜபாளையம் பஸ்ஸும் தென்காசி பஸ்ஸும்

பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் 'இனக்குழு' (class) பாடம் வந்தாலே பிள்ளைகள் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். டி. கல்லுப்பட்டியில் இருந்துகொண்டு எதற்கு மனப்பாடம்? ரோட்டுக்கு வந்தால் உதாரணம் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்.

அக்கா மகனிடம் சொன்னேன்: 'பஸ்' என்று ஓர் இனக்குழு எழுது. ஊர், காலி சீட், பயணிகள் பட்டியல். டிக்கெட் கொடுத்தால் சீட் ஒன்று குறையணும். (பைத்தான் 3-ல் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், அது தனிச் சுகம்.) அதிலிருந்து ராஜபாளையம் பஸ், தென்காசி பஸ் என்று இரண்டு பொருள்கள்.

வேடிக்கை இனிமேல்தான். பயணிகள் பட்டியலை இனக்குழுவின் முதல் வரியிலேயே வைத்துவிட்டான். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிய ஆள் தென்காசி பஸ்ஸிலும் உட்கார்ந்திருக்கிறார்!

"என்ன மாமா, பேயா?"

பேயில்லடா, ரெண்டு பஸ்ஸுக்கும் ஒரே பட்டியல். அந்த வரியை, ஒவ்வொரு பொருளும் உருவாகும்போது ஓடும் ஆக்கிக்குள் கொண்டுபோய் முன்னால் 'செல்ஃப்' போட்டதும் அவரவர் பஸ்ஸில் அவரவர்.

இனக்குழு, பொருள் என்பதெல்லாம் நார்வேயில் டாலும் நைகார்டும் சிமுலா 67 மொழியில் கொண்டுவந்த சங்கதி. பரீட்சையில் வரையறை கேட்பார்கள், கேட்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அந்த ஒரு வரியை இரண்டு இடத்திலும் எழுதி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.