ஒரு விரல் இடைவெளி

"என்னலே, ஐஸ்பெட்டிக்குள்ள குடித்தனம் எப்படி இருக்கு?"

டிசம்பர், ஜனவரியில் ஊரிலிருந்து எந்த நண்பன் பேசினாலும் இதுதான் முதல் கேள்வி. நானும் வருஷா வருஷம் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "ஐஸ்பெட்டிக்குள்ள நாலு டிகிரிலே. எங்களுக்குக் கதகதப்பு வேணும்னா அதுக்குள்ளதான் போய் உக்காரணும்."

சொந்த ஊர் பாளையங்கோட்டை. பிழைக்க வந்த ஊர் லடாக்கில் இருக்கும் லே. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். எங்கள் ஊரில் பேச்சோடு 'லே' போட்டால் ஒன்று ரொம்ப நெருக்கம், இல்லையென்றால் சண்டை. இங்கே பெயருக்குப் பின்னால் 'லே' போட்டால்தான் மரியாதை. பாட்டிக்கு லடாக்கியில் அபி. மரியாதையாகக் கூப்பிட்டால் அபி-லே. வந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவின் மாமியாரை அப்படிக் கூப்பிடவே எனக்கு நாக்கு கூசியது. எண்பது வயசுப் பெரியவரைப் பார்த்து லே போடுவதாவது! தங்கமணி மட்டும் சிரிக்காமல் முதல் நாளே பழகிவிட்டாள்.

2021 ஜூனில் வந்து இறங்கினோம். நான், தங்கமணி, அப்போது நாலு வயசான மகள். ஜூனில் லே சொர்க்கம். வாய்க்கால் ஓரம் பாப்ளர் மரங்கள், வீட்டுக் கொல்லையில் ஆப்ரிகாட். இதற்கா அம்மா அழுது அனுப்பினாள் என்று நினைத்தேன். அக்டோபர் வந்ததும் புரிந்தது.

முதலில் போனது தேங்காயெண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஊரில் மார்கழியில் ஒரு வாரம் கட்டிதட்டும், வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். இங்கே பாட்டில் வருஷம் பூராவும் கல்தான். ஸ்பூனால் குடைந்துதான் மகளுக்குத் தலைவாரல். அடுத்தது இட்லி மாவு. கம்பளியில் சுற்றி, புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தால், இரண்டாம் நாள் லேசாக மூச்சுவிடும். சோறு குக்கரில்தான். இந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைக்க நினைத்தால் மத்தியானச் சாப்பாடு ராத்திரிக்குத்தான்.

துணி காயப்போட்டால் சட்டை கை இரண்டையும் நீட்டிக்கொண்டு பலகை மாதிரி நிற்கும். மடக்கினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். ஆனால் வறண்ட காற்று, அந்தப் பனிக்கட்டியே மெல்ல ஆவியாகி இரண்டொரு நாளில் துணி காய்ந்துவிடும். தாமிரபரணியில் தினமும் முங்கிக் குளித்தவன் இங்கே வாரம் ஒரு வாளி வெந்நீருக்கு வந்தேன். (முகம் சுளிக்காதீர்கள். இங்கே வியர்க்காது!)

பனி விழுவதுதான் பெரிய கஷ்டம் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் லே ஒரு குளிர்ப் பாலைவனம். மழையும் பனியும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனி பொழியும் ராத்திரி அவ்வளவு குளிராது, மேகம் போர்வை மாதிரி மூடியிருக்கும். பொழிந்து முடித்து வானம் தெளிந்து நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கும் பாருங்கள், அந்த ராத்திரிதான் ஆளைக் கொல்லும்.

என் வேலை தண்ணீர்க் குழாய் பதிப்பது. குளிர்காலத்தில் மண் எவ்வளவு ஆழம் உறையும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் கீழே குழாயைப் புதைப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது. முதல் குளிர்காலத்தைச் சளி, இருமலோடு தாண்டியதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு. குளிர் எந்த வழியாக வருகிறது? ஓட்டை வழியாக. அப்படியானால் ஓட்டையை அடை. என்ஜினியர் மூளை இவ்வளவுதான் வேலை செய்தது.

இரண்டாவது குளிர்காலத்துக்கு ஜன்னல் சட்டங்களில் டேப் ஒட்டினேன். இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினேன். கதவுக்கடியில் என் பழைய வேட்டி ஒன்றை முறுக்கி வைத்தேன். அறை நிஜமாகவே கதகதப்பானது. தங்கமணி என்னைக் கொஞ்சம் மரியாதையாகக் கூடப் பார்த்தாள்.

அபி-லேவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. சாயங்காலம் படியேறி வந்து, ஜன்னல் டேப்பைப் பிய்த்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவார். "ஏக் உங்லி." ஒரு விரல் அளவு. அவருக்கும் எனக்கும் பொது மொழி அரைகுறை இந்திதான். நானும் "ஜூலே, அபி-லே" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, அவர் கீழே இறங்கியதும் மறுபடி டேப் ஒட்டுவேன். வயசானவர், பழைய பழக்கம் என்று நினைத்தேன். தினமும் இது நடந்தது.

இங்கே புகாரி பற்றிச் சொல்லவேண்டும். தகர அடுப்பு. விறகோ வறட்டியோ போட்டு எரிப்போம். அதிலிருந்து ஒரு தகரக் குழாய் கிளம்பிக் கூரை வழியாக வெளியே போகும். எங்கள் புகாரியின் குழாயில், திருகினால் மூடிக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு. எரியும்போது திறந்திருக்க வேண்டும். நான் கண்டுபிடித்த சிக்கனம் என்னவென்றால், தீ அடங்கிப் புகை நின்று வெறும் கங்கு மட்டும் இருக்கும்போது தகட்டை மூடிவிடுவது. சூடு வெளியே போகாது, கங்கு விடியும்வரை தாங்கும். புகைதான் இல்லையே, அப்புறம் என்ன பயம்?

2023 ஜனவரி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு லே திரும்பினோம். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க மார்ச் ஆகும், நீங்கள் இரண்டு பேரும் ஊரிலேயே இருங்கள் என்றுதான் சொன்னேன். "மூணு பேரும் ஒரே இடத்துல இருப்போம்" என்று தங்கமணி கிளம்பி வந்துவிட்டாள்.

சமவெளியிலிருந்து நேராக விமானத்தில் வந்து இறங்கினால் முதல் இரண்டு நாள் தலைவலி, குமட்டல் சகஜம். காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மூன்றாம் நாள் ராத்திரி மூன்று பேருக்கும் தலை விண்விண் என்று தெறித்தபோது நான் கவலையே படவில்லை. மலைத் தலைவலி, தூங்கினால் சரியாகும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மகளுக்கு மாட்டிப் பார்த்தேன். 91. இந்த ஊருக்கு அது நல்ல எண். நிம்மதியாகத் தகட்டைத் திருகி மூடிவிட்டுப் படுத்தேன். வெளியே மைனஸ் 18.

ராத்திரி எத்தனை மணி என்று தெரியாது, மகள் அழுகிற சத்தம். தலை வலிக்குது, வயிறு பிரட்டுது, கக்கூஸ் போகணும் என்கிறாள். இந்த வீட்டில் கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம். தண்ணீரே தேவைப்படாத லடாக்கிக் கக்கூஸ், மண்ணும் சாம்பலும் தள்ளினால் போதும், உறைவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் நடு ராத்திரியில் முற்றத்தைத் தாண்ட வேண்டும். வந்த நாளிலிருந்து நான் அதிகம் திட்டியது அதைத்தான்.

எழுந்தேன். கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை உதைத்துத் தள்ளி, கதவைத் திறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலிலேயே அவள் வாந்தி எடுத்தாள். முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றிருப்போம். குளிர் கத்தியாகக் குத்துகிறது, ஆனால் தலை தெளிகிறது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு "அப்பா, நட்சத்திரம்" என்கிறாள். உள்ளே இருந்த தலைவலி வெளியே எப்படிக் குறையும்? மலைத் தலைவலி என்றால் முற்றத்திலும் அதே மலைதானே?

அப்போதுதான் தங்கமணி எழுந்து வரவில்லை என்பது உறைத்தது.

சத்தம் கேட்டு அபி-லே விளக்கோடு வந்துவிட்டார். நான் உள்ளே ஓடித் தங்கமணியை உலுக்குகிறேன், அவள் ஏதோ முனகுகிறாள், கண் திறக்கவில்லை. அபி-லே ஒரு வார்த்தை பேசவில்லை. டேப்பை இழுத்துக் கிழித்து இரண்டு ஜன்னலையும் அகலமாகத் திறந்தார். அவர் மகனும் நானுமாகத் தங்கமணியைக் கம்பளியோடு தூக்கி வெளியே கொண்டுவந்தோம். அவர் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரி. முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். விடிகிற நேரத்தில் கண் விழித்து, "பாப்பா எங்கே?" என்றாள். நான் வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கங்கு, காற்று போதாமல் கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, புகையும் வேண்டியதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுகிற இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். விரல் ஆக்சிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விஷ வாயு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே எண்ணிக் காட்டும். நான் நிம்மதியாகத் தூங்கப் போன அந்த 91 அப்படி வந்த எண்ணாகத்தான் இருக்கும். அறிகுறிகளும் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். அப்படியே மலை நோயின் அறிகுறிகள். அதனால்தான் இந்த உயரத்தில் இது இரண்டு மடங்கு ஆபத்து என்றார்.

தங்கமணி இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தகட்டைத் திருகிய கையும், தினமும் டேப் ஒட்டிய கையும் என்னுடையவை. ஒரு கிழவி எண்பது குளிர்காலம் பார்த்துவிட்டுச் சொன்னதை, ஒரே ஒரு குளிர்காலம் பார்த்த நான் கும்பிடு போட்டு ஒதுக்கியிருக்கிறேன். மூன்றாம் நாள் சொன்னாள், "இனிமே அந்தப் பாட்டி சொல்றதைக் கேளுங்க. முடியாதுன்னா ஊருக்குப் போயிருவோம்." அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் இந்த ஊர் வீட்டைச் சரியாகப் பார்த்தேன். தடித்த மண் சுவர். தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல்கள், பகல் வெயிலெல்லாம் உள்ளே இறங்கிச் சுவரில் தங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் வீடு பூராவும் சூடாக்க யாரும் மெனக்கெடுவதில்லை, மொத்தக் குடும்பமும் அடுக்களைக்கு வந்துவிடும். அடுப்பு எரியும், ஆள் விழித்திருக்கும். படுக்கப் போகுமுன் கங்கை அணைத்துவிட்டுக் கனத்த ரஜாய்க்குள் புகுந்துகொள்வார்கள். அறையைச் சூடாக வைத்து மெல்லிய போர்வையில் தூங்க நினைத்தது நான். அவர்கள் அறையைக் குளிர விட்டு, ஆளைச் சூடாக வைக்கிறார்கள்.

நாங்களும் அப்படியே மாறினோம். மூன்று பேருக்கும் ஒரே அறை. ஒரே தடித்த ஜாக்கெட்டுக்குப் பதில் மெல்லியதாக மூன்று, நாலு அடுக்கு. படுக்கையில் வெந்நீர்ப் பை. தகட்டைக் கழற்றியே எறிந்துவிட்டேன். அக்டோபரில் குழாயைக் கழற்றிக் கரி தட்டுவது என் பொறுப்பு. சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன், மாதம் ஒருமுறை பட்டனை அமுக்கிப் பார்ப்பது மகளின் பொறுப்பு.

வேலை மாற்றலாகி மலைப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டே விஷயம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் குறைந்தால் அது மலை இல்லை, அடுப்பு. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு, குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீஸர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்யுங்கள். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அம்மாவிடம் ஒரு வருஷம் இதைச் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ராத்திரி 22 டிகிரிக்கே அம்மா தலையில் துண்டு கட்டிக்கொண்டு, "பனி இறங்குது" என்று எல்லா ஜன்னலையும் சாத்தினாள். நான் எழுந்து போய் ஒன்றை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.

"ஏல, கொசு வரும்லா. எதுக்கு அதத் திறக்க?"

நான் பதில் சொல்லுமுன் மகள் படுக்கையிலிருந்து விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஏக் உங்லி, ஆச்சி."

அன்றைக்கு ராத்திரிதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.