தட்டில் வைப்பதோடு உன் வேலை முடிந்தது

கண்ணு, பிள்ளை ஒரு வாய்கூட வாங்கமாட்டேன் என்கிறான் என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ கெட்ட அம்மா இல்லை. அதை முதலில் மனதில் வை.

நம் ஊர் சாப்பிட்ட விதத்திலிருந்து தொடங்குகிறேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கம் நடத்த கோலார் தங்கவயலுக்கு வந்தது. அது தொட்டு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் இங்கே வந்து தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் குடியேறினார்கள். என் சின்ன வயதிலும் அதே சின்ன வீடு, ஒரே அடுப்பு. பிள்ளைக்கென்று தனியாக ஆக்க விறகும் கிடையாது, இடமும் கிடையாது. ராகிக் களி, கீரை, கருவாட்டுக் குழம்பு, மார்கழி பிறந்தால் பிதுக்கம்பருப்பு. சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து அப்பா மேலே ஏறி வந்தபின் எல்லாரும் சுற்றி உட்காருவோம். சின்னது தன் பங்குக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கப் பழகியது, எதிரே அப்பாவும் அண்ணனும் அப்படி விழுங்குவதைப் பார்த்துத்தான். யாரும் கெஞ்சவில்லை.

அந்தக் காலத்தை நான் புகழவில்லை. அது வறுமை, அரை வயிற்றோடு படுத்த பிள்ளைகளும் அந்த லைன்களில் இருந்தார்கள். அந்தப் பசி உன் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, பெரியவர்களோடு சேர்ந்து உட்காருவது என்ற இரண்டையும் வறுமையோடு சேர்த்து நாம் தூக்கி எறிந்திருக்க வேண்டியதில்லை.

2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் இன்று நீயும் உன் வீட்டுக்காரரும் இருக்கிறீர்கள். பிள்ளை எழும்போது அம்மா இல்லை. அம்மா வரும்போது பிள்ளைக்குத் தூக்கம். அந்த வலியைத் தீர்க்கத்தான் வரும் வழியில் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் வாங்குகிறாய். எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அதைத் தின்ற பிள்ளைக்கு மறுநாள் காலை இட்லி எப்படி இறங்கும்? பகலில் பாட்டி போனைக் காட்டி ஊட்டுகிறாள். கண் படத்தில் இருக்கிறது, வாய் தானாகத் திறக்கிறது. வயிறு போதும் என்று சொன்னாலும் அதைக் கேட்க அங்கே ஆளில்லை.

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் படித்த ஒன்றைச் சொல்கிறேன். 1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் தாய்ப்பால் மறந்த கைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். குழந்தையின் முன்னால் கறி, முட்டை, பால், தானியம், காய், பழம் என்று வகைவகையாக வைப்பார்கள். நர்ஸ் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருப்பாள். குழந்தை கைநீட்டிக் காட்டினால்தான் ஊட்டலாம். வா, சாப்பிடு என்று ஒரு சொல் சொல்லக் கூடாது. 1939-இல் அவர் 15 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தின்றது. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு. ஆனால் எல்லாம் நன்றாக வளர்ந்தன. இதைப் படித்தவர்கள் பலர் பிள்ளைக்கே எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தட்டுகளில் சர்க்கரை இல்லை, பாக்கெட் பண்டம் இல்லை. எதைத் தொட்டாலும் நல்லதே கிடைக்கும்படி பெரியவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொண்டார்கள், சூட்சுமமே அதுதான் என்று அவரே எழுதினார்.

ஆக, எதை எப்போது வைப்பது என்பது உன் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் வயிற்றின் பொறுப்பு. இதைக் கலக்கும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது. பள்ளி வயது வராத சின்னப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. குடித்து முடி, குடித்து முடி என்று நெருக்கியபோது அவர்கள் குறைவாகத்தான் குடித்தார்கள், பிடிக்கவில்லை என்றும் அதிகமாகச் சொன்னார்கள். "சோறு முடித்தால் சாக்லேட்" என்பதும் இதே கதை. சோறு தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

கீரையை முதல் நாள் துப்பினால் அவனுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டாதே. ஒரு புது ருசி பழக எட்டு, பத்து தரம்கூட ஆகலாம். ஒரு விரல் அளவு வை, நீயும் அதையே அவன் எதிரில் சாப்பிடு, பேச்சை மாற்று. காய்ச்சல் நாட்கள் வேறு. எடை ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டு. அங்கே என் பேச்சு எடுபடாது.

பாட்டியோடும் உட்கார்ந்து பேசு, குற்றம் சொல்லாமல். கிண்ணத்தோடு அவள் தெருவெல்லாம் ஓடுவது பாசத்தால்தான். ஆனால் நீ ஒன்றும் அவள் ஒன்றும் சொன்னால் பிள்ளை நடுவில் புகுந்துவிடுவான். பாக்கெட்டை ஒரேயடியாகத் தடை செய்யாதே, ஒளித்தும் வைக்காதே. கண்டிப்பாக மறுத்த பண்டத்தின் மேல்தான் ஆசை வளரும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து தின்னும்போது அவனுக்கும் கொஞ்சம் கொடு. மற்ற நாட்களில் வீட்டில் அது இல்லை, அவ்வளவுதான்.

ரயில் எவ்வளவு தாமதமானாலும் நீ வந்து உட்கார்ந்து உன் தட்டில் சாப்பிடு. அவன் தூங்காமல் இருந்தால் பக்கத்தில் வருவான். உன் களியில் கைவைத்தால் வைக்கட்டும்.