விளக்கு எரிந்தால் போதுமா?

திருவண்ணாமலையை நெருப்பின் தலமாகப் போற்றுவது இம்மண்ணின் நெடுங்கால மரபு. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் எழும் சுடரைக் காண இலட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். அது எல்லாரும் காணும் நெருப்பு. தொலைவில் நிற்பவர் அதைக் கண்டு கைகூப்புவர். அருகில் செல்பவர் அஞ்சி விலகி நிற்பர். ஆனால் இவ்வூரின் ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் மற்றொரு நெருப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒளியில்லை, புகையில்லை, மணமில்லை; தொட்ட பிறகே அது இருப்பது தெரியும். இந்த நெருப்பை நம் வீட்டுக்குள் அழைத்து வருபவர்கள், பெரும்பாலும் மீசை அரும்பும் வயதில் வேலைக்கு வந்த இளைஞர்கள். அவர்களைப் பற்றிச் சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிலும், ஊரின் புறநகர்களிலும் வீடுகளும் விடுதிகளும் எழுந்தவண்ணம் உள்ளன. வேலைக்குக் குறைவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் தவறிய பையன் ஒருவன், தெரிந்த ஒயர்மேன் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்கிறான். முதலாண்டு ஏணி தூக்குகிறான். சுவரை வெட்டிக் குழாய் புதைக்கிறான். இரண்டாம் ஆண்டு வயர் இழுக்கிறான். மூன்றாம் ஆண்டு சுவிட்ச் பெட்டியில் இணைப்புக் கொடுக்கிறான். நான்காம் ஆண்டில் தனியாக வேலை பிடிக்கத் தொடங்குகிறான். அவன் கை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொன்றும் எதற்காக என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கும் அவருடைய குரு சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் தாயை நான் அடக்கம் செய்தேன். வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை. குளியலறை விளக்குக்காக ஒரு வயர் அத்தகரத்தின் விளிம்பின் மேல் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. காற்றில் உராய்ந்து உராய்ந்து அதன் மேலுறை தேய்ந்துவிட்டது. துணி காயப்போடும் இரும்புக் கம்பி அந்தக் கொட்டகையின் தூணில் கட்டப்பட்டிருந்தது. ஈரத் துணியை விரித்த கை திரும்பவில்லை. இரு குழந்தைகள். அடக்கம் முடிந்து எல்லாரும் சென்றபின், கல்லறைத் தோட்டத்து வாயிலில் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அந்த வயரை இழுத்தவன் அவன்தான். அவன் கேட்டது ஒரே கேள்வி: “சாமி, ரெண்டு வருசமா லைட்டு நல்லாத்தானே எரிஞ்சுது. அப்புறம் எங்க தப்பு நடந்துச்சு?”

அக்கேள்வியில் இத்தொழிலின் முழு இரகசியமும் அடங்கியுள்ளது. கொத்தனார் சுவரைக் கோணலாகக் கட்டினால் பார்த்தவுடன் தெரியும். தச்சர் கதவைத் தவறாக இழைத்தால் அது சாத்தாது. மின்வேலையிலோ தவறாகச் செய்ததும் சரியாகச் செய்ததும் ஒரே மாதிரி எரியும். சுவிட்சை ‘பேஸ்’ கம்பியில் வைக்காமல் ‘நியூட்ரல்’ கம்பியில் வைத்துவிட்டால், விளக்கு எரியவும் செய்யும், அணையவும் செய்யும். அணைந்த பின்னும் விளக்கின் பிடிக்குள் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பை மாற்ற வருபவரே அத்தவற்றைக் கண்டுபிடிப்பவர். ஆகவே, எரிந்தால் போதும் என்பது இத்தொழிலில் உண்மையின் அளவுகோல் ஆகாது.

மக்களிடையே மற்றொரு மயக்கமும் உண்டு. “எம்.சி.பி. போட்டிருக்கிறோம், பயமில்லை” என்பர். எம்.சி.பி. காப்பது வயரை, மனிதரையன்று. விளக்குகளுக்கான 6 ஆம்பியர் எம்.சி.பி., அந்த 6 ஆம்பியர் வரை, அதாவது 6,000 மில்லி ஆம்பியர் வரை, அமைதியாக இருக்கும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். இந்த இடைவெளியை நிரப்பவே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வந்தது. சென்ற மின்னோட்டம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். வீடுகளுக்கானது, 30 மில்லி ஆம்பியர் வழிதவறி நிலத்துக்குள் போனாலே நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தத் தாயின் வீட்டில் அது இருந்திருந்தால் அவர் பெரும்பாலும் பிழைத்திருப்பார். எனினும் அதற்கும் எல்லை உண்டு. ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால், கணக்கு நேராகவே இருப்பதால் அது அறியாது. கருவியை வாங்கி மாட்டுவது வேறு, அதன் எல்லையை அறிவது வேறு. மேற்பயிற்சி என்பது இந்த இரண்டாவதுதான்.

சட்டம் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. பல்பு, மின்விசிறி, சுவிட்ச் முதலியவற்றை மாற்றுவது போன்ற சிறு வேலைகள் தவிர, மற்ற மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகவே செய்யவேண்டும் என்பது விதி. தமிழகத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தப்பெறுகிறது. ஐந்தாண்டுச் செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் உடையவர் அதனை எழுதலாம். உயர்ந்தபட்ச வயது வரம்பில்லை. பள்ளியில் தவறியவனுக்கும் திறந்திருக்கும் வாயில் அது. 2022-இல் தமிழக அரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடியில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் அந்நிலையங்களின் வாயிலை ஒருநாளும் மிதிக்காத பையன்தான் நம் வீட்டுச் சுவரை வெட்டிக்கொண்டிருக்கிறான். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் அவனை எட்டுவதில்லை. 2019-இன் திருத்த விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனமே பழகுநரைக் கட்டாயம் சேர்க்கவேண்டும். இரண்டு பையன்களை வைத்து வேலை செய்யும் ஒயர்மேன் அக்கணக்கில் வருவதேயில்லை.

இவ்விடத்தில் தொன் போஸ்கோவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1852-இல் தூரின் நகரில், தச்சரிடம் வேலை பழகச் சென்ற ஒரு பையனுக்காக அவர் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குத் தொடர்பில்லாத ஏவல்களில் பையனை ஈடுபடுத்தக் கூடாது. திருத்துவதாயின் சொல்லால் திருத்த வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் சில. கற்பது பையனின் சாமர்த்தியம் அன்று, கற்பிப்பது முதலாளியின் கடமை என்பதே அதன் உட்பொருள்.

அந்த இளைஞனின் கேள்விக்கு விடைதேடி, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் உதவியுடன், ஞாயிறு பிற்பகல்களில் பங்கு மண்டபத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கினோம். ஏழு பேர் வந்தார்கள். அவர்களுள் இருவர் இந்து இளைஞர்கள், ஒருவர் இசுலாமியர். பெரியவர் ஒரு மரப்பலகையில் முழு வீட்டின் இணைப்பையும் அமைத்து, அதில் வேண்டுமென்றே ஒரு குற்றத்தை ஒளித்துவைப்பார். டெஸ்டரைக் கொண்டு தட்டிப் பார்த்துச் சொல்லக் கூடாது. முதலில் தாளில் வரைந்து, எங்கே குற்றம் இருக்கக்கூடும் என்று எழுதிவிட்டே பலகையைத் தொடவேண்டும். புதைத்த வயரின் உறையை மெக்கர் கொண்டு அளக்கக் கற்றார்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று அறிந்தார்கள். எர்த் குழியின் தடையை மே மாதத்தில் அளந்தார்கள். ஐப்பசி மழைக்குப் பின் மீண்டும் அளந்தார்கள். பாறை மிகுந்த இம்மண்ணில் கோடையில் குழி உலர்ந்தால் எர்த் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதை அந்த இரண்டு எண்களும் அவர்களுக்கு விளக்கின. கூரையில் சூரியத் தகடுகள் வைக்கும் திட்டம் 2024-இல் வந்தபின் அதுவும் பாடமாயிற்று. மெயின் சுவிட்சை அணைத்தாலும், பகலில் தகடுகளிலிருந்து இறங்கும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்றபோது எழுவரும் வாயடைத்துப் போனார்கள்.

எழுவருள் இருவர் இடையில் நின்றுவிட்டனர். ஞாயிறும் கூலி கிடைக்கும் நாளாயிற்றே! கேள்வி கேட்ட இளைஞன் நிற்கவில்லை. தகுதிகாண் தேர்வில் தேறினான். அதன்பின் ஒரு புதுவீட்டில், எர்த் குழி தோண்டாமல் இணைப்புக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். “பக்கத்து வீட்டுல இல்லாமத்தானே எரியுது?” என்றார். மறுநாள் வேறொருவர் வந்து இணைத்துவிட்டுப் போனார். கற்றதன் பயனாக அவன் முதலில் பெற்றது, ஒரு வாரக் கூலி இழப்பு. அதை என்னிடம் சொன்னபோது அவன் குரலில் வருத்தம் இருந்தது, ஐயம் இல்லை.

அன்பு வாசகர்களே, அந்த வீட்டுக்காரர் நம்முள் ஒருவர். பயிற்சி நிலையங்கள் எத்தனை திறந்தாலும், கற்றவனை விடக் கற்காதவன் மலிவு என்று நாம் எண்ணும் வரை, அந்தக் கல்வி கூலியை இழக்கச் செய்யும் கல்வியாகவே இருக்கும். தரைக்குப் பளிங்கு தேட நாள்கணக்கில் அலையும் நாம், சுவருக்குள் ஓடும் கம்பிக்கு அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை. இனி வீடு கட்டும்போது வேலைக்கு வரும் தம்பியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தகுதிச் சான்று உண்டா? எர்த் அளந்து காட்டுவாயா? ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுவாயா? அவன் விழித்தால் கோபிக்க வேண்டா; தேர்வு எங்கே நடக்கிறது என்று சொல்லுங்கள், போய்வரும் நாளின் கூலியையும் கொடுங்கள். அவன் சரியாகப் பதில் சொன்னால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நம் வீட்டில் ஈரக் கையோடு துணி உலர்த்தும் ஒருத்தியின் உயிர் அந்தக் கூலிக்குள் அடங்கியிருக்கிறது.