பத்திரம் முடியும்வரை தாங்கும் சுவர்

வீட்டை விற்பதென்று முடிவானதும் நடக்கிற முதல் வேலை ஆணி பிடுங்குவது. அசோக் நகரில் அந்தத் தரைத்தள வீட்டுக்கு வந்த பெயிண்டிங் மேஸ்திரி அதைத்தான் முதலில் தொடங்கிவைத்தார். காலண்டர் ஆணி, கடிகார ஆணி, கொலுவுக்கு சீரியல் லைட் கட்ட அடித்த ஆணி, எதற்கு அடித்தோம் என்று வீட்டுக்காரருக்கே மறந்துபோன ஆணிகள். கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகி இழுத்தால் சுவர் பெயராமல் வந்துவிடும். சுத்தியலால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குக் காரையும் கூட வரும். "நெம்பாதடா, திருகு" என்று கூட வந்த பையனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. எண்பதுகளில் கட்டிய அடுக்ககம். கணவர் இல்லை, மகன் அமெரிக்காவில். விற்றுவிட்டுத் தங்கை வீட்டுப் பக்கம் போவதாக முடிவு. பழைய வீட்டை விலைக்குத் தயார்செய்கிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும், "தாராளமா வாங்க, ஆனா உட்கார நாற்காலி இருக்காது" என்றார்.

இதை அமெரிக்காவில் தனித் தொழிலாகவே நடத்துகிறார்கள். 1972-இல் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ஸ் என்பவர் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். வாடகைக்கு சோபா வரும், ஓவியம் வரும், பூச்சாடி வரும். வீடு விற்றதும் எல்லாம் கிடங்குக்குத் திரும்பும். சென்னையில் அதற்கு நெருக்கமானது புது அடுக்ககங்களின் மாதிரி பிளாட். அப்படிப்பட்ட பிளாட்டுகளில் வேலைபார்த்த தச்சர் ஒருவர் சொன்னார்: கட்டிலை ஒரு சாண் குறைத்துச் செய்வார்களாம், உள் அறைகளுக்குக் கதவே மாட்ட மாட்டார்களாம், அறை பெரிதாகத் தெரியும். பழைய வீடுகளில் இந்த ஜோடனை எல்லாம் கிடையாது. மேஸ்திரி, கொத்தனார், பிளம்பர், தரை பாலிஷ் போடுகிறவர், துடைக்க வருகிற பெண்கள் ஆகியோர்தான். யோசனை சொல்வது மட்டும் புரோக்கர்.

அவருடைய யோசனைகள் கறாரானவை. மார்கழியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், ஆகவே தை பிறப்பதற்குள் வீடு தயாராக வேண்டும். காலை பத்து மணிக்குக் காட்ட வேண்டும், கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்போதே. மாலை போட்ட போட்டோ கூடாது. ஊதுபத்தி வேண்டவே வேண்டாம்; வாசனை தூக்கலாக இருந்தால் வருகிறவர் உடனே சுவரைத் தொட்டுப் பார்ப்பாராம். இந்தக் கடைசி யோசனையைச் சொன்ன பிறகு அவர் மேல் எனக்குச் சற்று மரியாதை வந்தது.

தொட்டுப் பார்க்கும்படியான சுவர் அங்கே இருக்கவும் செய்தது. கூடத்தில், குளியலறையை ஒட்டிய சுவர். முழங்கால் உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மேஸ்திரி முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறிய இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டார். "மழைத் தண்ணின்னா மேலேர்ந்து இறங்கும் சார். இது கீழேர்ந்து ஏறுது. அந்தப் பக்கம் பைப்பு போயிருக்கு."

செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் வெளியே வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகி பெயிண்டை உள்ளிருந்து தள்ளுகிறது. அதன் மேல் பட்டி போட்டு மூடினால் உப்பு பட்டிக்குப் பின்னால் படியும். கொஞ்ச நாளில் பட்டியே தகடு தகடாக எழும்பி வரும்.

"அப்படியே பட்டி போட்டு அடிச்சா எவ்வளவு நாள் நிற்கும்?" என்று கேட்டேன்.

"பத்திரம் முடியற வரைக்கும் நிக்கும்" என்றார். சிரிக்கவில்லை. "செய்யச் சொன்னா செஞ்சிருக்கேன் சார், இல்லேன்னு சொல்ல மாட்டேன். கூலி குடுக்கறவங்க சொல்றதுதானே வேலை."

இந்தத் தொழிலின் முடிச்சு அந்தப் பதிலில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. விற்பவருக்கு வீடு தெரியும், ஆனால் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. வாங்குபவருக்கு இரண்டும் தெரியாது. புரோக்கருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னான நாள்கூலியில் நிற்கிறார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். புது அடுக்ககமென்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும். கைமாறும் பழைய வீட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது. 55-ஆவது பிரிவும் விற்பவரின் மனசாட்சியும்தான்.

குளியலறையை உடைத்துக் குழாயைப் பார்த்துவிடச் சொன்னார் ஆசிரியை. அன்று இரவே மகன் வீடியோவில் வந்தாராம். "எதுக்கும்மா பாத்ரூமை இடிக்கறே? வாங்கறவங்க எப்படியும் மாத்தப் போறாங்க." ஆசிரியை கொடுத்த பதிலை மறுநாள் எனக்கும் சொல்லிக்காட்டினார்: "மாத்தற வரைக்கும் அவங்களும் அதுலதானேடா குளிக்கணும்."

டைல்ஸை உடைத்ததில் இரும்புக் குழாயின் முழங்கை அரித்து, ஊசி முனையளவு ஓட்டை தெரிந்தது. பிளம்பர் குழாயை மாற்றினார். கூடத்துச் சுவரில் உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தியெடுத்துக் கொத்தனார் புதிதாகப் பூசினார். பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு காய வேண்டும். பச்சைச் சுவரில் பட்டி போட முடியாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். புரோக்கர் வந்து கத்தினார். "நீங்க வேணா பட்டித் தகடு பிடிங்க, நான் தள்ளி நிக்கறேன்" என்றார் மேஸ்திரி.

மற்ற சுவர்களில் வேலை ஓடியது. சுரண்டல், பிரைமர், பட்டி இரண்டு கோட்டிங், உப்புத்தாள், மறுபடி பிரைமர், எமல்ஷன். இதை விவரிக்கத் தேவையில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஜன்னல் கம்பியைத்தான் சொல்ல வேண்டும். பல அடுக்குப் பழைய எனாமலைப் பையன் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. எண்பதுகளின் எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று யார் அளந்தார்கள்? தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. "நேரம் ஆவுது சார்" என்றார். வீட்டுக்காரரின் கெடுவும் புரோக்கரின் தை மாதமும் கடைசியில் அந்தப் பையனின் நெஞ்சில் போய் இறங்குகின்றன.

நிலைப்படிக்கு வந்தபோது மட்டும் கெடுவைப் பார்க்காமல் வேலை நின்றது. வருடக்கணக்கில் வைத்த மஞ்சளும் குங்குமமும் கெட்டியாக அப்பியிருந்தன. "இதை நாங்க எடுக்க மாட்டோம் டீச்சரம்மா. நீங்க துடைச்சுக் குடுங்க." ஆசிரியை ஈரத்துணியுடன் வந்து துடைத்தார், கொஞ்ச நேரம் பிடித்தது.

தரையைத்தான் நான் அதிகம் ரசித்தேன். பழைய சென்னை அடுக்ககங்களின் மொசைக் தரை. டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று புரோக்கர் சொன்னதை நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. பீகார் இளைஞர் ஒருவர் பாலிஷ் மிஷினோடு வந்தார். முதலில் முரட்டுக் கல், பிறகு படிப்படியாக நைசான கல். நடுவில் தரையின் நிறத்துக்குச் சாயம் கலந்த வெள்ளைச் சிமெண்டைத் தடவி ஊசித் துளைகளை அடைத்துக் காயவிடுகிறார். கடைசியில் ஆக்ஸாலிக் அமிலப் பொடி போட்டுத் தேய்த்ததும் பளபளப்பு எழுந்து வந்தது. தண்ணீர் விட்டே அரைப்பதால் தூசி இல்லை, சேறுதான். அந்தச் சேற்றை வாளியில் அள்ளித் தனியே கொண்டுபோனார். சாக்கடையில் விட்டால் குழாய்க்குள் இறுகிக் கல்லாகிவிடுமாம். சாம்பல் நிறமென்று நினைத்திருந்த தரையில் பச்சையும் கறுப்புமாகக் கல் சில்லுகள் தெளிந்தன. சேறு சுவரில் தெறிக்கும் என்பதால் கடைசி கோட்டிங்கைத் தரைவேலை முடிந்த பிறகே அடிக்க வேண்டும். இந்த வரிசை தெரியாத ஆளிடம் போனால் இரண்டு கூலி.

பீரோவை நகர்த்தியபோது இன்னொன்று வெளிப்பட்டது. இடுப்புயரத்தில், சுவரின் நீளத்துக்கும் பழுப்புக் கோடு. 2015 டிசம்பர் வெள்ளம். மற்ற இடங்களில் அடுத்த பொங்கலுக்கே வெள்ளையடித்தாயிற்று. பீரோவுக்குப் பின்னால் யாரும் போகவில்லை. இந்தக் கறை சாதாரண எமல்ஷனுக்கு அடங்காது, காயக் காய மேலே ஊறி வரும். ஆயில் பிரைமர் அடித்துத்தான் கட்ட வேண்டும். மேஸ்திரி அடித்தார். கோடு போயிற்று. சுவர் எப்போதோ காய்ந்துவிட்டது, வெறும் கறைதான் என்பதால் அதை மூடுவது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் வெள்ளம் வந்தது என்பது கறையோடு போகிற விஷயமில்லையே. "கேட்டா சொல்லிடுவேன்" என்றார் ஆசிரியை. சட்டம் கேட்டால் சொல்லச் சொல்லவில்லை, சொல்லத்தான் சொல்கிறது என்று நான் இழுத்தேன். "சரி, கேக்காட்டியும் சொல்றேன்" என்றார், வகுப்பில் கை தூக்கிய பையனைப் பார்ப்பது போல.

துடைக்க வந்தவர்கள் கண்ணகி நகரிலிருந்து இரண்டு சகோதரிகள். போர் தண்ணீரின் உப்புக்கறை குழாய்களில் வெள்ளையாக ஏறியிருந்தது. ஆசிட் ஊற்றினால் ஒரு நொடியில் போகும். குழாயின் பளபளப்பும் போகும். அக்கா எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். கழிவறைக்கு ஆசிட்தான். கையுறை இருந்தது, விரல் கிழிந்து. புரோக்கருக்கு விலையில் ஒரு சதவீதம். இவர்களுக்கு நாள்கூலியும் பஸ் காசும்.

தை பிறந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போனில் திசைகாட்டியோடு ஒருவர், குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்த ஒருவர். கூடத்துச் சுவர் இன்னும் சாம்பல் நிறத்தில் வெறும் பூச்சோடு நின்றது. புரோக்கர் அதன் முன்னால் நின்று மறைக்கப் பார்த்தார். ஆசிரியை அவரை நகரச் சொல்லிவிட்டுக் குழாய்க் கதையைச் சொன்னார், பிறகு வெள்ளக் கதையையும். ஒரு தம்பதி அங்கேயே விலையைக் குறைத்துக் கேட்டார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் போக எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அந்தப் பெண் கணக்குச் சொன்னார். ஆசிரியை கொஞ்சம் இறங்கினார். முடிந்தது.

வாசலில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் அந்தப் பெண் வந்து நின்றார். "அண்ணா, பால் காய்ச்சறதுக்கு முன்னாடி வீடு முழுக்க லைட் மஞ்சளா மாத்தணும். என்ன ஆகும்?"

இப்போதுதானே அடித்தது என்று மேஸ்திரி சொல்லவில்லை. "பட்டி வேணாம் மேடம், நல்லா இருக்கு. ரெண்டு கோட்டிங் போதும். அந்தக் கூடத்துச் சுவரை மட்டும் மாசி வரைக்கும் விட்டுருங்க" என்று சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தார்.