வைத்தவர், எடுத்தவர்

சைகோராக்ஸ் மேடைக்கு வருவதே இல்லை. 'டெம்பஸ்ட்' தொடங்குமுன்பே செத்துப்போனவள். அவள் கொடிய சூனியக்காரி என்பதற்குப் பிரதான சாட்சி பிராஸ்பரோவின் வாய். அவனோ அவளைக் கண்டதில்லை. எல்லாம் ஏரியல் சொல்லக் கேட்டது. ஏரியலைப் பைன் மரப் பிளவில் 12 ஆண்டு அடைத்துவைத்தாள் என்பது குற்றச்சாட்டு. முணுமுணுத்தால் ஓக் மரத்தைப் பிளந்து 12 குளிர்காலம் செருகிவைப்பேன் என்று அதே காட்சியில் மிரட்டுகிறான் பிராஸ்பரோ. பி.ஏ. வகுப்பில் வெள்ளை மந்திரம், கறுப்பு மந்திரம் என்று கோடுபோட்டு எழுதிக்கொண்டோம். மரம்தான் வேறு.

மந்திரத்தைத் துறக்கும்போது அவன் பேசுவது ஆவிடின் மெடியா பேசியது. 1567இல் வந்த கோல்டிங் மொழிபெயர்ப்பின் சாயலும் அதில் உண்டு. நல்லவனின் வல்லமையைச் சொல்ல ஷேக்ஸ்பியருக்குச் சூனியக்காரியின் சொற்களே அகப்பட்டிருக்கின்றன. ஃபாஸ்டஸ் விவகாரம் நேரானது: ரத்தத்தில் பத்திரம், 24 ஆண்டுத் தவணை. வங்கிக் குமாஸ்தாவுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நம்மிடம் சேக்கிழார் இருக்கிறார். மதுரை மடத்தில் சமணர் வைத்த தீ, சம்பந்தரின் பாட்டால் மெல்லச் சென்று பாண்டியன் உடம்பில் வெப்புநோயாகிறது. சமணரின் மந்திரமும் மயிற்பீலியும் அதை மேலும் மூட்டுகின்றன. சம்பந்தரின் திருநீறு தணிக்கிறது. அனுப்பியவரே இறக்கியும் வைக்கிறார். சேக்கிழார் இதை மறைக்கவில்லை. பக்தர்கள்தான் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அவிநாசிபாளையத்தில் இது இலக்கியப் பிரச்னை அல்ல. அம்மாவுக்குக் கால் வீங்கியபோது செய்வினை எடுக்கிறவர் ஒருவர் வந்து, வாசல்படியோரம் தோண்டி ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். வைத்தவர் பெயரைச் சொல்லவில்லை. கிழக்கே, ரத்த சம்பந்தம், பொம்பளை என்றார். கிழக்கே பெரியம்மா வீடு. தகட்டில் களிம்பேறவே இல்லை, பளபளவென்று இருந்தது, அங்கேயே சொன்னேன். பக்கத்துப் பனியன் கம்பெனி மெக்கானிக் இன்னும் சுருக்கமாகக் கேட்டார்: "எடுக்கத் தெரிஞ்சவனுக்கு வெக்கத் தெரியாதுங்களா?" அம்மா காதில் இரண்டும் ஏறவில்லை. டாக்டர் மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பெயர் தகட்டுக்குப் போயிற்று.

9 வருஷமாகப் பேச்சு இல்லை. பெரியம்மா மாதம் ஒருமுறை பாஸ்புக் வரிபோட வங்கிக்கு வருகிறாள். என் கவுண்ட்டரில் ஆளே இல்லாவிட்டாலும், பக்கத்து வரிசையில்தான் நிற்கிறாள்.