ரத்தத்துக்குக் கொஞ்சம் டிகாக்‌ஷன்

போன மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு குறும்படம் எடுத்தான். கேமரா அவனுடைய போன். நடிகர்கள் அவனும் இரண்டு நண்பர்களும். இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடி. கதைப்படி ஒருவன் கத்திக்குத்து வாங்கி விழ வேண்டும். ரத்தத்துக்காக ரோஸ்மில்க் எசன்ஸ் ஒரு பாட்டில் வாங்கி வந்து, என் பழைய வெள்ளை வேட்டியில் ஊற்றிப் பார்த்தான். ஹோலிப் பண்டிகை மாதிரி இருந்தது.

"தாத்தா, உங்களுக்கு ஏதாவது ஐடியா இருக்கா?" என்றான்.

இருந்தது. சின்ன வயதில் இங்கே ரோமன் ரோலன் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டுவேன். பாடம் எல்லாம் பிரெஞ்சில் படித்ததால் அது ஒன்றுதான் லாபம். பாரிஸில் கிரான் கின்யோல் என்று ஒரு சின்ன நாடகக் கொட்டகை இருந்தது. 1897 முதல் 1962 வரை அங்கே கொலையும் குரூரமும்தான் நாடகம். கார்மைன் என்கிற பூச்சிச் சாயத்தைக் கிளிசரினில் கலந்து அவர்கள் ரத்தம் செய்வார்கள். ஆறஆற அது உறைகிற மாதிரி கெட்டியாகும்.

சினிமாக்காரர்களும் சமையல்கட்டை நம்பியவர்கள்தான். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் குளியலறைத் தொட்டியில் ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் முக்கியமில்லை, அடர்த்தி போதும். 1968இல் கையில் காசில்லாமல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தவர்களும் அதையே ஊற்றினார்கள். கலர் வந்ததும் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. டிக் ஸ்மித் என்ற அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் சோளப்பாகில் சிவப்போடு மஞ்சளும் சேர்த்து, ஒளி ஊடுருவாமல் இருக்க வெள்ளைப் பொடியும் போட்டார். ரத்தம் கண்ணாடி மாதிரி இருக்காது, பால் மாதிரி மறைக்கும். ரோஸ்மில்க் எசன்ஸ் தோற்றது அங்கேதான்.

ஆனால் நான் பேரனுக்குச் சொன்ன முக்கியமான விஷயம் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

1978இல் எங்கள் அலுவலக ஊழியர்கள் ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். நான்தான் கொலையாகிறவன். ஆரத்திக்குக் கரைக்கிற மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, சின்ன பாலிதீன் பையில் கட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். குத்தியதும் பளீரென்று சிவப்பு. பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். சட்டை விஷயத்தில் அம்மாதான் பாவம். தண்ணீரில் அலசினால் மஞ்சளாகும், சோப்புப் போட்டால் மறுபடி சிவக்கும். சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம்தானே. இரண்டு நாள் திட்டினாள்.

அன்று அப்பாவும் நாடகம் பார்க்க வந்திருந்தார். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்துவிட்டு 1954இல் திரும்பியவர். பென்ஷன் வாங்குவார், பத்திரிகை படிப்பார், சாயங்காலம் கடற்கரைக்குப் போவார். போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்களும் கேட்டதில்லை.

இரவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தோம். நன்றாக நடித்தாய் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பாதி வழியில் சொன்னார்:

"ரத்தம் அவ்வளவு நேரம் செவப்பா இருக்காதுடா. சீக்கிரம் கறுத்துடும். துணி வெறச்சு அட்டை மாதிரி ஆயிடும். சட்டையக் கழட்டணும்னா கிழிக்கத்தான் வேணும்."

யாருடைய சட்டை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். வீடு வரை வேறு பேச்சில்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருடம் இருந்தார். நானும் கேட்காமலேயே இருந்துவிட்டேன்.

பேரனுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். ஒரு டம்ளர் சர்க்கரைப் பாகில், இரண்டு ஸ்பூன் மைதாவைத் தண்ணீரில் காய்ச்சி ஊற்றி, கேக்குக்குப் போடுகிற சிவப்புக் கலர் சேர்த்தோம். குத்து விழுகிற காட்சிக்கு அப்படியே விட்டோம். போலீஸ் வந்து பார்க்கிற காட்சிக்கு நேரம் கடந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் காப்பி டிகாக்‌ஷன் விட்டுக் கறுக்க வைத்து, வேட்டியில் பூசி வெயிலில் காயப்போட்டோம். பாகு காய்ந்து வேட்டி விறைத்து நின்றது. போனில் பார்த்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

"செம தாத்தா! இது யார் சொன்னது?"

"உன் கொள்ளுத்தாத்தா."

"அவர் எந்தப் படத்துல வேலை செஞ்சார்?"

அதற்குள் மாடியில் எறும்பு மொய்த்துவிட்டது என்று கீழேயிருந்து பாட்டி சத்தம் போட்டாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படம் ஏழு நிமிடம் வந்திருக்கிறது. அடுத்த லீவுக்கு வரும்போது அவனை உட்காரவைத்து மீதியைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மீதியும் அந்த மூன்று நான்கு வாக்கியம்தான்.